குணமானவர் எண் ஒன்று

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற சாலையில் தென்னார்க்காடு மூலிகைப் பயன் மேம்பாட்டு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே மஞ்சள் பெருவிழா நடப்பதற்கு முந்தின நாள், பந்தல் போடப் போயிருந்த சின்னையன் ஓர் ஆணியை மிதித்தார். மேடைப் பலகையில் தலைகீழாக நின்றிருந்த துருப்பிடித்த ஆணி. செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது பாதத்துக்குள் இறங்கியது.

சின்னையனுக்கு ஐம்பத்தொரு வயது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில். முப்பது வருடமாகப் பந்தல் வேலை செய்கிறவர் ஆணியை மிதிப்பது புதிதில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு துணியைச் சுற்றிக்கொள்வார். வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வார். அன்றும் அப்படித்தான் செய்திருப்பார். ஆனால் விழா ஒத்திகை பார்க்க இயக்குநர் வந்திருந்தார்.

இயக்குநர் முனைவர் செந்தமிழ்செல்வன், பழங்கால நிறுத்தல் அளவைகளைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். நிறுத்தல் அளவைகளுக்கென்று நிறுவனம் எதுவும் இல்லாததால் மூலிகைக்கு வந்திருந்தார். நிறுவனத்தில் மஞ்சள், கற்றாழை, வேம்பு, தூதுவளை என்று நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவர், ஒரு கார், ஒரு முத்திரை இருந்தன. செடிகள் கட்டடத்துக்குப் பின்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள்.

முதலுதவிப் பெட்டி இருந்தது. அதன் சாவியை வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார்.

"பதற்றம் வேண்டாம்" என்றார் இயக்குநர். "நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு மனிதனுக்குக் காயம் படவேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது."

கண்காட்சியில் கோபுரமாகக் குவித்து வைத்திருந்த மஞ்சள் தூளிலிருந்து ஒரு பக்கத்தைச் சரித்துத் தாம்பாளத்தில் எடுத்து வந்தார் மஞ்சள் பிரிவுத் தலைவர் பாலகுமார். இயக்குநர் தம் கையாலேயே சின்னையனின் பாதத்தில் அள்ளி வைத்தார். முதல் தடவை புகைப்படக்காரர் வந்து சேரவில்லை. துடைத்துவிட்டு இரண்டாம் தடவை வைத்தபோது இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்தது. சின்னையன் முகத்தைக் கொஞ்சம் நிம்மதியாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். அவரும் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தங்கம்மாள் காலைப் பார்த்தார்.

"என்னாங்க இது, மீனுக்கு மசாலா தடவுன மாதிரி அப்பி வெச்சிருக்காங்க?"

"மஞ்சள் வெச்சா ஆறிடும்னு அந்த ஐயா சொன்னாரு."

தங்கம்மாளுக்கு மஞ்சள் மேல் பகை ஒன்றும் கிடையாது. தினமும் குழம்பில் போடுகிறவர். தொண்டை கரகரத்தால் பாலில் மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார். காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொள்வார். சளி பிடித்தால் தூதுவளை ரசம், குழந்தைகளுக்கு இருமலென்றால் வாசல் தொட்டியிலிருந்து கற்பூரவல்லி இலை என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் எதற்கு எது என்பது அவருக்குத் தெரியும்.

"இது துருப்புடிச்ச ஆணி. நீங்க சுகர்காரரு. இதுக்கு ஊசிதான். கெளம்புங்க" என்று பாதத்தைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே காயத்தைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். பதினெட்டாம் நாள் காயம் ஆறிவிட்டது.

இருபதாம் நாள் பாலகுமார் போன் செய்தார்.

"நாளைக்குக் காலைக் கொண்டு வாங்க."

"காலைல எத்தன மணிக்குங்க?"

"எத்தனை மணிக்கு வேணும்னாலும் வாங்க. காலைக் கொண்டு வாங்க. வலது காலை."

சின்னையன் வலது காலையும், அதைத் தனியாக அனுப்ப வழியில்லாததால் மற்றதையும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். இயக்குநர் அறையில் பாலகுமார் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காயம் எப்படிக் குணமானது என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கிட்டேன் சார். பத்து நாளு மாத்திரை சாப்ட்டேன்."

பாலகுமாரின் பேனா நின்றுவிட்டது. அவர் இயக்குநரைப் பார்த்தார்.

"ஊசி எங்கே போட்டுக்கொண்டீர்கள்?" என்றார் இயக்குநர்.

"இடுப்புலங்க."

"எந்த ஊரில் என்று கேட்டேன்."

"கடலூர்ல."

"மஞ்சள் வைத்தது சிதம்பரத்தில். நமது ஆய்வின் எல்லை சிதம்பரத்தோடு முடிகிறது. எல்லைக்கு வெளியே நடந்ததை உள்ளே கொண்டுவந்தால் ஆய்வின் தூய்மை கெட்டுவிடும்."

சின்னையன் நேராகவே கேட்டார். "பொய் சொல்லச் சொல்றீங்களாங்க?"

"ஒருபோதும் இல்லை. இந்த நிறுவனத்தில் பொய்க்கு இடமில்லை. நாங்கள் கேட்கிற கேள்வியைத்தான் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறோம்." இயக்குநர் படிவத்தை வாங்கி இரண்டே கேள்வி எழுதினார். மஞ்சள் வைக்கப்பட்டதா? குணமானதா?

இரண்டுமே உண்மைதான். சின்னையன் இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மஞ்சளால் குணமானவர்களின் பதிவேடு அன்று திறக்கப்பட்டு, அதில் அவர் எண் ஒன்று ஆனார். நிறுவனம் தொடங்கிப் பதினோரு வருடமாகியும் அந்தப் பதிவேடு வெறுமையாக இருந்த கதை அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் எழுந்தபோது இயக்குநர், வீட்டில் படித்த பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். குணமானவரின் வாரிசுக்குத் தற்காலிகப் பதிவாளர் வேலை கொடுக்க விதியில் இடம் உண்டு. இதுவரை யாரும் குணமாகாததால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது என்றார்.

சின்னையனின் மகள் இசைவாணி தாவரவியல் படித்துவிட்டு மூன்று வருடமாக எல்லாத் தேர்வுகளையும் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு மகள் பஸ் ஏறுவதைப் பார்த்தபோது, ஆணி குத்தியதும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று சின்னையன் நினைத்தார். தங்கம்மாள்கூட அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு கால் ஊர் ஊராகப் போகத் தொடங்கியது. பள்ளிகள், கல்லூரிகள், திருவந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த மகளிர் மாநாடு. மேடையில் ஒரு முக்காலி, அதன் மேல் மஞ்சள் வெல்வெட், வெல்வெட்டின் மேல் சின்னையனின் வலது பாதம். பாலகுமார் ஒரு குச்சியால் இடத்தைக் காட்டுவார். ஜனங்கள் வரிசையில் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சில பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சின்னையன் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டால் பாலகுமார் மெதுவாகத் திரும்ப எடுத்து வைப்பார்.

மூன்றாம் மாதம் ஒரு சிக்கல் வந்தது. காயம் மிக நன்றாக ஆறி, தழும்புகூடத் தெரியவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் எதைப் பார்ப்பது என்று கேட்டார்கள். காயத்தின் பழைய படம் இருக்கிறதா என்று தேடினால், எல்லாப் படத்திலும் மஞ்சள்தான் இருந்தது, காயம் இல்லை. ஒரு கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். அதன்படி இடது பாதத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு காயம் வரைந்து, அதற்கு "முன்" என்றும், வலது பாதத்துக்குப் "பின்" என்றும் அட்டை கட்டினார்கள்.

"ஆனா இந்தக் கால்ல ஆணி குத்தலியே சார்" என்றார் சின்னையன்.

"குத்தியதாக யாரும் சொல்லவில்லையே. முன் என்றுதானே எழுதியிருக்கிறது" என்றார் பாலகுமார்.

சித்திரையில், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, சிதம்பரத்தில் மஞ்சள் விழிப்புணர்வு நடை என்று ஒன்றை நடத்தினார்கள். மேலவீதியில் புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றி வரவேண்டும். காலை ஏழு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். கொடியசைக்க வேண்டியவர் பதினொன்றரைக்கு வந்தார். குணமானவர் செருப்புப் போட்டால் குணம் மறைந்துவிடும் என்பதால் சின்னையன் வெறுங்காலோடு முன்னால் நடந்தார். தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஷூ போட்டிருந்தார்கள். இயக்குநர் திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு கை காட்டினார்.

சின்னையனுக்குச் சூடு பெரிதாக உறைக்கவில்லை. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போய் வெகு நாளாகியிருந்தது. சூடு நமக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுத் தரையில் ஈரமாக அடி அடியாகத் தடம் இருப்பதைத் தங்கம்மாள் பார்த்தார். தண்ணீர் என்று துடைக்கப் போனவர், முகர்ந்து பார்த்துவிட்டுக் கணவரை உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். வலது காலின் சுண்டுவிரலிலும் அடுத்த விரலிலும் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது.

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

சின்னையன் எழுந்திருக்கவில்லை. நிறுவனம் கொடுத்திருந்த விதிப் புத்தகத்தை இசைவாணி எடுத்து வந்தாள். பதினான்காம் விதி தெளிவாக இருந்தது. குணமானவர், குணமான உறுப்புக்கு, நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் வேறு சிகிச்சை பெற்றால் அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். வாரிசின் வேலையும் அன்றே முடிவடையும்.

"வேல போனாப் போவுதுப்பா. நீ கெளம்பு" என்றாள் இசைவாணி.

"மூணு வருஷம் வூட்ல குந்தி அழுதது மறந்துட்டியா? ஒரு காயிதம்தான கேக்கறாங்க. நாளைக்குப் போயி வாங்கிக்கிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன்."

"நாளைக்கே குடுத்துடுவாங்களா?" என்றார் தங்கம்மாள்.

"என்னிய நம்பர் ஒண்ணுன்னு எழுதி வெச்சிருக்காங்க. குடுக்க மாட்டாங்களா?"

மறுநாள் நான்கு பிரிவுத் தலைவர்களும் கூடினார்கள். சின்னையனின் கால் மேசைமேல் வைக்கப்பட்டது. பக்கத்தில் காபி டம்ளர்களை வைக்கக் கொஞ்சம் நகர்த்திவைத்தார்கள்.

"முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி" என்றார் இயக்குநர். "இது புண்ணா?"

"புண்ணுதாங்க" என்றார் சின்னையன்.

"உங்களைக் கேட்கவில்லை. குணமானவருக்குப் புண் வராது. வந்தால் அவர் குணமானவர் அல்ல. ஆனால் அவர் குணமானவர் என்று பதிவேடு சொல்கிறது. ஆகவே இது புண்ணாக இருக்க முடியாது. குணத்தின் அடுத்த கட்டமாக இருக்கலாம்."

இதைக் குறிப்பில் ஏற்றினார்கள். குறிப்பெழுதியவள் இசைவாணி. அவள் தலையைத் தூக்கவில்லை.

அடுத்தது, அந்த அடுத்த கட்டம் யாருக்குச் சேரும் என்பது. கால் முழுவதும் மஞ்சளுக்குச் சொந்தம் என்றார் பாலகுமார். ஒரே பிரிவு ஒரு காலையே வைத்துக்கொண்டு வருடம் முழுக்க விழா நடத்துவது என்ன நியாயம் என்று கேட்டார் வேம்புப் பிரிவுத் தலைவர். கொப்புளம் என்றாலே கற்றாழைதான் என்றார் கற்றாழைப் பிரிவுத் தலைவர் கனிமொழி. ஒன்றரை மணி நேரம் பேசி, பேனாவால் பாதத்தில் கோடு போட்டுப் பிரித்தார்கள். சுண்டுவிரல் கற்றாழைக்கு, அடுத்த விரல் வேம்புக்கு, மீதி மஞ்சளுக்கு. தூதுவளைப் பிரிவுத் தலைவர் மிகவும் வருத்தப்பட்டார்.

"இருமல் இருக்கா?" என்று சின்னையனைக் கேட்டார்.

"இல்லீங்க."

"வந்தா எங்களுக்குன்னு குறிச்சுக்குங்க" என்றார் இசைவாணியிடம்.

"ஐயா, அந்தத் தடையில்லாச் சான்று" என்றார் சின்னையன்.

"கொடுத்துவிடலாம்" என்றார் இயக்குநர். "மூன்று பிரிவும் தங்கள் பகுதியைப் பார்த்து அறிக்கை கொடுக்கட்டும். அறிக்கை வந்த மறுநிமிடம் கையெழுத்துப் போடுகிறேன். உங்களை நாங்கள் தடுக்கவில்லை என்பதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்."

சின்னையன் தினமும் நிறுவனத்துக்குப் போனார். மூன்று பிரிவும் காலையில் வந்து தங்கள் தங்கள் எல்லைக்குள் பூசிவிட்டுப் போயின. ஒன்றின் சாறு மற்றதின் எல்லைக்குள் வழிந்தபோது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டன. மூன்றாம் நாள் விரல்கள் கறுக்கத் தொடங்கின. நிறம் மாறுவது முன்னேற்றமா என்று கேட்டு ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் விடுமுறை.

வீட்டில் தங்கம்மாள் தினமும் சண்டை போட்டார். ஆறாம் நாள் சண்டை போடுவதை விட்டுவிட்டுச் சமைக்காமல் உட்கார்ந்துகொண்டார். இசைவாணி ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். தற்காலிகப் பணியாளர் ராஜினாமா செய்வதற்குப் படிவம் இன்னும் வடிவமைக்கப்படவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சின்னையனுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

ஏழாம் நாள் நிறுவனத்தின் தாழ்வாரத்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது கனிமொழி பக்கத்தில் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"ஐயா, எங்க அம்மாவுக்கும் சுகர்தான். கால்ல கொப்புளம் வந்தன்னிக்கே நான் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்."

"அப்ப நானும் போவட்டுமாம்மா?"

கனிமொழி மறுபடியும் இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் போகலாம் என்றாரா, வேண்டாம் என்றாரா என்று சின்னையனுக்குப் புரியவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் பேசினால் அவருக்கு எப்போதும் இப்படித்தான். பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் காய்ச்சலில் அவருக்கு நினைவு தப்பியது. தங்கம்மாள் யாரையும் கேட்கவில்லை. ஆட்டோவை வரவழைத்து, மகளை ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக வைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்றே இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர் சார்லஸ்.

கண் விழித்ததும் சின்னையன் மெதுவாகக் கேட்டார். "மஞ்சள் வெச்சதுதாங்க இப்படி ஆயிடுச்சா?"

"மஞ்சள் என்ன பண்ணும் பாவம்" என்றார் டாக்டர். "எங்க வீட்டு மீன் குழம்புலயும் மஞ்சள்தான். சின்னச் சிராய்ப்புன்னா நானே பூசிக்குவேன். சுகர் இருக்கற கால்ல புண்ணு வந்தா அன்னிக்கே வரணும். ஒன்பது நாளு எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"கையெழுத்துக்குங்க."

 டாக்டர் கட்டை மாற்றச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

மூன்றாம் நாள் இயக்குநர் ஆப்பிள் பழங்களோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். பாலகுமாரின் கையில் ஒரு கோப்பு இருந்தது. இரண்டு பேருமே மிகவும் கலங்கிப்போயிருந்தார்கள். சான்று வாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் பதிவேட்டிலிருந்த ஒரே பெயரை நீக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. முந்தின நாள் முழுவதும் கூட்டம் நடந்ததாம்.

"பயப்படாதீர்கள்" என்றார் இயக்குநர். "உங்களை நாங்கள் கைவிடவில்லை. எடுக்கப்பட்ட விரல்கள் இரண்டும் யாருடையவை? ஒன்று கற்றாழையுடையது, மற்றது வேம்புடையது. மஞ்சளுக்கு ஒதுக்கிய பகுதியில் கத்தி படவேயில்லை. ஆகவே மஞ்சளைப் பொறுத்தவரை நீங்கள் வேறு சிகிச்சை எதுவும் பெறவில்லை. முன்பு எப்படிக் குணமாக இருந்தீர்களோ அப்படியேதான் இருக்கிறீர்கள். இன்னும் சொன்னால், சந்தேகத்துக்கு இடமான பகுதிகள் நீங்கி, உங்கள் கால் இப்போதுதான் தூய்மையான சான்றாக இருக்கிறது."

தங்கம்மாள் ஆப்பிள் பையை எடுத்துப் பாலகுமாரின் கையில் திருப்பிக் கொடுத்தார். "கூட்டம் போதும். நகருங்க, கொஞ்சம் காத்து வரட்டும்" என்றார். புகைப்படக்காரர் அதைப் படம் எடுத்தார்.

பாலகுமார் தடையில்லாச் சான்றைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சின்னையன் அதைக் கேட்ட நாளின் தேதி போட்டிருந்தது.

சின்னையன் வீடு வந்து சேர ஒரு மாதமாயிற்று. இனிமேல் சாரத்தில் ஏறக் கூடாது, பந்தல் வேலையே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கால் ஊன்றினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தங்கம்மாள் இரண்டு வீடுகளில் சமையலுக்குப் போகத் தொடங்கினார். இசைவாணி சிதம்பரம் பஸ்ஸில் தினமும் போய்க்கொண்டிருந்தாள். ராஜினாமாவைப் பற்றி அவளும் பேசவில்லை, யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நிறுவனத்தின் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். குணமானவர்களின் மாதாந்திரக் கண்காணிப்பு புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்றாள். அந்த வேலையை அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். குணமானவர் இதுவரை ஒருவர்தான்.

கட்டைப் பிரித்துப் படம் எடுத்தாள். பெயர், எண், ஊர் எல்லாம் அவளே நிரப்பினாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"நெலம என்னான்னு கேக்குதுப்பா. ரெண்டுதான் குடுத்திருக்காங்க. முழுக் குணம்னு ஒண்ணு. குணமாகி வருகிறார்னு ஒண்ணு."

"வேற இல்லியா?"

"இல்ல. எதையும் போடாம விட்டாலும் அனுப்ப மாட்டேங்குது. இன்னிக்குள்ள அனுப்பணும்."

சின்னையன் காலைப் பார்த்தார். வெளியே சிதம்பரம் பக்கம் போகிற ரயில் கூவிக்கொண்டு போனது. 

"எதப் போடட்டும்பா?"

"ரெண்டாவதப் போடு" என்றார் சின்னையன். "அதுல பொய்யி கொஞ்சம் கம்மியா இருக்கும்."